தியரியும் நோட்டேஷனும்: யாருக்கு, எவ்வளவு, எந்த வரிசையில்?

கீபோர்டோ கிட்டாரோ நான்கைந்து பாட்டு வாசிக்கப் பழகியவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: தியரி படிக்க வேண்டுமா, நோட்டேஷன் தெரியாமல் வாசித்தால் குறையா? கேள்வியிலேயே இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தியரி என்பது ஒலிகளுக்குள் இருக்கும் உறவைப் பற்றிய அறிவு: எந்த ஸ்வரம் எதை நோக்கி இழுக்கும், எந்த மெட்டுக்கு எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) பொருந்தும், தாளம் எப்படிப் பிரியும் என்பதெல்லாம் அதில் அடங்கும். நோட்டேஷன் அந்த ஒலிகளைக் காகிதத்தில் எழுதும் முறை. ஒன்றை நன்றாக அறிந்தவருக்கு மற்றொன்று துளியும் தெரியாமல் இருக்கலாம்.

ஜாஸ் கிட்டாரில் வெஸ் மாண்ட்கோமரி, பியானோவில் எரால் கார்னர் இருவரும் ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரியாதவர்கள். பீட்டில்ஸ் குழுவினரும் அப்படித்தான். ‘அவர்களே படிக்கவில்லையே’ என்று இவர்களை உதாரணம் காட்டுவது வழக்கம். அவர்கள் படிக்காதது எழுத்தை மட்டுமே. கார்டுகள் எப்படி நகரும் என்பதைப் பல ஆண்டுகள் கேட்டும் வாசித்தும் காதிலும் விரலிலும் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். நம் கச்சேரி மேடையிலும் ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்தே இராத மிருதங்க வித்வான், கோர்வையை (முடிப்புச் சொற்கட்டை) மனக்கணக்கில் கட்டிச் சரியாகச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியில், கொண்டுவந்து இறக்குகிறார். அந்தக் கணக்கு முழுக்க முழுக்கத் தியரி. மறுபக்கம், கிரேடு தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் சிலரிடம் தாளை எடுத்துவிட்டால், தெரிந்த ஒரு பாட்டுக்கு நான்கு கார்டு கண்டுபிடிக்கத் தடுமாறுவார்கள்.

எங்கள் கருத்து இது: ஓரளவு தியரி வாசிப்பவர் எல்லோருக்கும் வேண்டும். நோட்டேஷன் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது. இரண்டிலும் முதலில் ஒலி, அடுத்து பெயர், கடைசியில்தான் குறி. படிப்பவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகும்போதுதான்.

தியரி மேடையில் என்ன செய்கிறது

ஒரு பாட்டு சி மேஜரில் இருக்கிறது. சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்டுகள் சுற்றிவருகின்றன. பாடுபவர் தனக்கு 1 கட்டை சுருதி எட்டவில்லை, 6 கட்டைக்கு இறக்குங்கள் என்கிறார். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கணக்கில் 1 கட்டை என்பது சி, 6 கட்டை என்பது ஏ. கார்டுகளைப் பெயராக மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே நின்றுவிடுவார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தித் தப்பிக்கலாம்; ஆனால் கூட வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கும் புல்லாங்குழலுக்கும் அந்தப் பொத்தான் கிடையாது. அவர்களுக்கு நீங்கள் கார்டைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்வது ‘ஜி’, ஸ்பீக்கரில் வருவது ‘இ’ என்றானால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

இதற்குத் தேவைப்படும் தியரி மிகக் கொஞ்சம். கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்துள்ள இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு செமிடோன். ஷார்ப் என்றால் ஒரு செமிடோன் மேலே, ஃப்ளாட் என்றால் ஒரு செமிடோன் கீழே. மேஜர் ஸ்கேலின் அமைப்பு 2, 2, 1, 2, 2, 2, 1 செமிடோன். அதாவது கர்நாடக இசையின் மேளங்கள் எனப்படும் தாய் ராகங்களில் 29ஆவதான சங்கராபரணத்தின் ஸ்வர இடங்கள். சியில் தொடங்கினால் எல்லாமே வெள்ளைக் கட்டை. ஏயில் தொடங்கினால் ஏ, பி, சி ஷார்ப், டி, இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். இந்த ஏழு ஸ்வரங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை எடுத்தால் ஏழு கார்டுகள் கிடைக்கும். 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்டு. எந்த மேஜர் ஸ்கேலாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. ஆகவே சி, ஜி, ஏ மைனர், எஃப் என்பது 1, 5, 6, 4. ஏயில் அதே எண்கள் ஏ, இ, எஃப் ஷார்ப் மைனர், டி. இவ்வளவுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் 1950களின் பிற்பகுதியிலிருந்து கார்டுகளை இப்படி எண்ணால் எழுதுவது வழக்கமாகி, இன்றும் அந்த முறை நிலைத்திருக்கிறது. ஸ்கேல் மாறினாலும் தாளை மாற்றி எழுத வேண்டாம் என்பதே அதன் பலம்.

காதால் கார்டு கண்டுபிடிப்பதிலும் இதே அறிவு வேலையைச் சுருக்கிவிடுகிறது. சி மேஜர் மெட்டு ஒன்றில் தாளத்தின் அடி விழும் இடத்தில் இ ஸ்வரம் நிற்கிறது என்று வையுங்கள். ஏழு கார்டுகளில் இ இருப்பவை மூன்றே மூன்று: சி, இ மைனர், ஏ மைனர். எந்த ஸ்வரத்தை எடுத்தாலும் கணக்கு இதேதான், ஏழில் மூன்று கார்டுகளில் அது இருக்கும். இருபத்துநான்கு மேஜர், மைனர் கார்டுகளையும் அழுத்திப் பார்ப்பதற்குப் பதில் மூன்றை வாசித்து, பேஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டுத் தீர்மானித்துவிடலாம். மூன்றும் பொருந்தவில்லை என்றால் அதுவும் பயனுள்ள செய்தி. இசையமைப்பாளர் அந்த இடத்தில் ஸ்கேலுக்கு வெளியே போயிருக்கிறார். சி மேஜர் பாட்டின் நடுவில் எஃப் மைனர் வந்து மனதைப் பிசைவது அப்படி ஓர் இடம். வழக்கம் எது என்று தெரிந்த காதுக்குத்தான் விலகல் உடனே பிடிபடும்.

தொடக்கநிலையினர் அடிக்கடி சறுக்கும் இடம் மைனர் ஸ்கேல். ஏ மைனரில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்தால் அது 20ஆவது மேளமான நடபைரவி. அதன் 5ஆவது கார்டு இ மைனர். ஆனால் ஏராளமான மைனர் பாட்டுகளில் அந்த இடத்தில் இ மேஜர் வரும். வீட்டுக்குத் திரும்பும் இழுப்பை உண்டாக்க ஜி ஸ்வரத்தை ஜி ஷார்ப்பாக உயர்த்துகிறார்கள். ஏக்கு ஒரு செமிடோன் கீழே நிற்பதால் அது ஏயை நோக்கித் தள்ளும். அப்படி நிஷாதம் (ஏழாவது ஸ்வரம்) உயர்ந்த ஸ்கேல்தான் ஹார்மோனிக் மைனர், நம் கணக்கில் 21ஆவது மேளமான கீரவாணி. பாட்டில் இ மைனர் வைத்து ஏதோ சப்பென்று இருக்கிறதே என்று தவிப்பவருக்கு இந்த ஒரு விளக்கம் பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும்.

தியரி படித்தால் கற்பனை வறண்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்த பயம் வீண். ஆனால் ஒரு பாணிக்கான விதியை எல்லாப் பாணிக்கும் பொருத்துவதால் கேடு வருவது உண்மை. நான்கு குரல் ஹார்மனி பாடத்தில் இணை ஐந்தாம் இடைவெளி, அதாவது இரண்டு குரல்கள் ஸ–ப தூரத்திலேயே சேர்ந்து நகர்வது, கூடாது என்பார்கள். நான்கு குரல்களும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும் என்பதற்கான விதி அது. ராக் கிட்டாரின் பவர் கார்டுகள் முழுக்க அந்த இணை ஐந்தாம் இடைவெளியில்தான் நகர்கின்றன, அங்கே அதுதான் அழகு. இதைவிடப் பெரிய கேடு, ராகத்தை ஸ்கேலாக மட்டும் பார்ப்பது. தோடியின் சாதாரண காந்தாரம் கீபோர்டின் கறுப்புக் கட்டை ஒன்றில் அசையாமல் நிற்கும் ஸ்வரம் கிடையாது. அது கமகத்தோடு, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் முறையோடு, ஆடுவது. அதை இ ஃப்ளாட் என்று எழுதி, கீழே ஒரு சி மைனர் கார்டை நிறுத்திவிட்டால் ராகம் கரைந்துபோகும். கர்நாடக இசைக்கு அதன் சொந்தத் தியரியையே கற்க வேண்டும்.

நோட்டேஷன் எதற்குப் பிறந்தது

இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத் துறவி குய்தோ, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தேவாலயப் பாடகர்களுக்காகக் கோடுகளில் ஸ்வரம் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். முன்பு பத்தாண்டு பிடித்த பயிற்சி இப்போது ஓராண்டில், அதிகம் போனால் இரண்டாண்டில் முடிகிறது என்று கடிதம் ஒன்றில் அவரே எழுதியிருக்கிறார். காரணம் தெளிவானது. கேட்டே இராத பாட்டை, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், பலர் ஒன்றாகப் பாட முடிந்தது.

இன்றும் நோட்டேஷனின் உண்மையான பயன் அந்த இடத்தில்தான் இருக்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, இசைக்கோவையைத் தன் கையால் ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதுபவர். அவர் எழுதியதைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வயலின், வியோலா, செல்லோ கலைஞர்கள் அமர்ந்தால், அதுவரை கேட்டிராத இசையை ஒன்றிரண்டு ஒத்திகையில் டேக்குக்குத் தயாராக்கிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாடிக் காட்டித்தான் சொல்லித்தர வேண்டும் என்றால் ஒரு பாட்டுக்கே பல நாட்கள் ஆகும்.

ஆகவே வயலின், செல்லோ, டிரம்பெட், கிளாரினெட் போன்ற கருவிகளை வைத்து ஸ்டூடியோவிலோ ஆர்க்கெஸ்ட்ராவிலோ பிழைக்க நினைப்பவர், மேற்கத்திய செவ்வியல் பியானோ கற்பவர், பல குரல் காயரில் பாடுபவர், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுத விரும்பும் இசையமைப்பாளர் ஆகியோருக்கு நோட்டேஷன் இல்லாமல் முடியாது. மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிப்பவரும், கணினியில் இசை தயாரிப்பவரும் அதைத் தள்ளிப்போடலாம். மெட்டை மட்டும் ஸ்டாஃபில் எழுதி மேலே கார்டு பெயர் குறித்த லீட் ஷீட்டைப் படிக்கத் தெரிந்தால் அவர்களுக்கு நீண்டகாலம் போதும். கிட்டார் டேப் விரலை எந்தக் கம்பியில், எந்தக் கட்டத்தில் வைப்பது என்று காட்டும். இணையத்தில் கிடைக்கும் டேப்களில் பெரும்பாலானவை எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டுவதில்லை. கேட்டுப் பழகிய பாட்டுக்கு மட்டும்தான் அவை உதவும்.

கர்நாடக சங்கீதத்தின் ஸ்வரக் குறிப்பும் ஒரு நோட்டேஷன்தான், அதிலும் சிக்கனமானது. எழுத்துக்கு மேலே புள்ளி வைத்தால் தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி), கீழே வைத்தால் மந்த்ரஸ்தாயி (கீழ் ஸ்தாயி). ஒரு காற்புள்ளி ஓர் அலகு நீட்டல், அரைப்புள்ளி இரண்டு அலகு. மேல்கோடு இட்டால் வேகம் இரட்டிப்பு. இதில் கமகம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, குருவின் குரலிலிருந்து வருகிறது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி கமகங்களுக்கும் தனிக் குறிகள் தந்தது. அதற்கு முன்பே, 1890களில், ஏ. எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதி அச்சிட்டார். இரண்டுமே பெரும் உழைப்பு. ஆனாலும் கேட்டே இராத ஒருவர் தாளை மட்டும் பார்த்துப் பாடினால் கிடைப்பது கீர்த்தனையின் எலும்புக்கூடு மட்டுமே. ஜாஸின் ஸ்விங் நடைக்கும் இது பொருந்தும்: தாளில் சம நீளமாக எழுதிய அரைக்கால் நோட்டுகளை ஒன்று நீளம், ஒன்று குறுக்கம் என்று வாசிப்பார்கள். எவ்வளவு நீளம் என்பதைப் பதிவுகளைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

படிக்கக் கற்பது: தாளத்திலிருந்து

பெரும்பாலான பாடங்கள் ஸ்வரப் பெயரில் தொடங்குகின்றன. தாளத்தில் தொடங்குவதே நல்லது. தவறான ஸ்வரம் ஒன்று வந்தால் கூட்டு வாசிப்பு நிற்காது. தாளம் தவறினால் நின்றுவிடும்.

முழு நோட் 4 பீட், அரை நோட் 2, கால் நோட் 1, அரைக்கால் நோட் ½. நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அதன் நீளத்தில் பாதியைக் கூட்ட வேண்டும்: புள்ளி வைத்த கால் நோட் 1½ பீட். 4/4 என்றால் ஒரு பாருக்கு (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு) நான்கு கால் நோட்டின் அளவு. நமக்கு இங்கே ஒரு நல்ல வசதி, சொற்கட்டு. கால் நோட் ஒன்றுக்குள் நான்கு ஸ்வரம் வந்தால் ‘தகதிமி’, மூன்று வந்தால் ‘தகிட’. 3/4, 6/8 இரண்டிலும் பாருக்கு ஆறு அரைக்கால் நோட்டுகள்தான், ஆனால் 3/4 என்பது ‘தக தக தக’, 6/8 என்பது ‘தகிட தகிட’. இந்த வேறுபாட்டைப் புத்தக விளக்கத்தில் படித்துக் குழம்புபவர் வாயால் இரண்டு முறை சொன்னதும் பிடித்துக்கொள்வார். முதல் இரண்டு வாரம் கருவியைத் தொடாமல், சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, கையால் தாளம் போட்டு வாயால் சொல்லுங்கள். நாளைக்கு 10 நிமிடம் போதும்.

ஸ்வரத்துக்கு வந்தால், ஐந்து கோடுகளுக்கும் நினைவு வாக்கியம் வைத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வுத்தாளுக்கு அது உதவும், வாசிக்கும்போது தாமதப்படுத்தும். நிமிடத்துக்கு 60 வேகத்தில் அரைக்கால் நோட்டுகள் வந்தாலே நொடிக்கு இரண்டு ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் கீழ்க்கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வர நேரம் இருக்காது. அதற்குப் பதில் சில அடையாளக் கற்களை மட்டும் நிலைநிறுத்துங்கள். ட்ரெபிள் க்ளெஃபில் (மேல் ஸ்வரங்களுக்கான ஸ்டாஃப் குறி) கீழிருந்து இரண்டாவது கோடு ஜி, மூன்றாவது இடைவெளி சி. பேஸ் க்ளெஃபில் (கீழ் ஸ்வரங்களுக்கான குறி) நான்காவது கோடு எஃப், இரண்டாவது இடைவெளி சி. இரண்டுக்கும் நடுவே, ட்ரெபிளுக்குக் கீழும் பேஸுக்கு மேலும் ஒரு குட்டிக் கோட்டில் நிற்பது நடு சி. மற்றவற்றை இவற்றிலிருந்து தூரத்தால் படியுங்கள்: கோட்டிலிருந்து அடுத்த இடைவெளி என்றால் ஒரு படி, கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் ஒன்றைத் தாண்டுதல். தேர்ந்த வாசிப்பாளர்கள் பார்ப்பது எழுத்துகளை அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தைத்தான். நோட்டுக்குக் கீழே பென்சிலால் சி, டி என்று எழுதிவைப்பவர் கண்ணை அந்த எழுத்துக்கே பழக்குகிறார். ஒரு வருடம் கழித்தும் ஸ்டாஃப் அவருக்கு அந்நியமாகவே இருக்கும். தடுமாறும் ஓரிரு இடத்தில் மட்டும் எழுதுங்கள்.

தொடக்கத்தில் இருக்கும் ஷார்ப், ஃப்ளாட் குறிகள் ஸ்கேலைச் சொல்லும். ஷார்ப்புகள் எப்போதும் எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி என்ற வரிசையில்தான் வரும். கடைசி ஷார்ப்புக்கு ஒரு செமிடோன் மேலே உள்ளது மேஜர் ஸ்கேலின் பெயர். மூன்று ஷார்ப் என்றால் கடைசி ஜி ஷார்ப், ஆகவே ஏ மேஜர். ஃப்ளாட்டுகள் இதற்கு நேர் எதிர்வரிசை, கடைசிக்கு முந்தைய ஃப்ளாட்தான் பெயர்; ஒரே ஃப்ளாட் என்றால் மட்டும் எஃப் மேஜர். பாரின் நடுவில் வரும் தனி ஷார்ப் அந்த பார் முடியும் வரை, அதே ஸ்தாயியில் மட்டும் செல்லும். இதை மறப்பதால் அதே பாரில் இரண்டாம் முறை வரும் ஸ்வரம் தவறுவது மிகச் சாதாரணம். ஒரே ஸ்வரத்தில் உள்ள இரண்டு நோட்டுகளை வளைகோடு இணைத்தால் அது டை, இரண்டாவதை மறுபடி தட்டக் கூடாது. வெவ்வேறு ஸ்வரங்களை இணைத்தால் ஸ்லர், விடாமல் சேர்த்து வாசிக்க வேண்டும்.

புதிய தாளைப் பார்த்த உடனே வாசிக்கும் பயிற்சிக்கு, நீங்கள் இப்போது வாசிப்பதைவிட இரண்டு நிலை எளிதான இசையை எடுங்கள். பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் அமைப்பு நடத்தும் இசைத் தேர்வுகளில் இதற்குத் தரும் தயாரிப்பு நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் ஸ்கேல், தாளக்குறி, மிகக் குறுகிய நோட் எது, கை எவ்வளவு தூரம் நகர வேண்டும் ஆகியவற்றைப் பாருங்கள். குறுகிய நோட்டுகள் வரும் பார்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். முதல் பாரைப் பார்த்து வேகம் எடுத்தவர் ஆறாவது பாரில் விழுவார். தொடங்கிய பின் நிற்கக் கூடாது, திரும்பிப் போய்த் திருத்தக் கூடாது. தவறிய ஸ்வரத்தை விட்டுவிட்டு அடுத்த பாரின் முதல் பீட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். கண் எப்போதும் விரலுக்கு ஒரு பீட்டாவது முன்னால் இருக்கட்டும். ஒரே பாட்டை மூன்று முறைக்கு மேல் வாசித்தால் அது மனப்பாடமாகிவிடும், வாசிப்புப் பயிற்சியாக நிற்காது.

குழுவுக்கு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று: ஒரே தாளைக் கீபோர்டு, பி ஃப்ளாட் கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன் மூவரிடமும் கொடுத்து சி வாசிக்கச் சொன்னால் முறையே சி, பி ஃப்ளாட், இ ஃப்ளாட் ஒலிக்கும். கீபோர்டின் சி ஒலிக்க வேண்டுமானால் கிளாரினெட்டுக்கு டி என்றும், ஆல்டோ சாக்ஸுக்கு ஏ என்றும் எழுத வேண்டும். கிட்டாருக்கு எழுதுவது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

எவ்வளவு, எந்த வேகத்தில்

நாளைக்கு 20 நிமிடம் ஒதுக்க முடிந்தால் ஐந்து நிமிடம் காதுக்கு, பத்து நிமிடம் படிப்புக்கு, ஐந்து நிமிடம் தியரியைக் கருவியில் போட்டுப் பார்ப்பதற்கு என்று பிரியுங்கள். காதுப் பயிற்சிக்குத் தம்புரா செயலி போதும்: ஸ ஒலிக்கட்டும், அதன்மேல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாடி, பிறகு கருவியில் தட்டிச் சரிபார்க்க வேண்டும். பாட முடியாத இடைவெளியைக் கண்ணும் தாளில் அடையாளம் காண்பது சிரமம். புதிதாகப் படித்த எந்த விதியையும் அன்றே மூன்று ஸ்கேலில் வாசித்துப் பாருங்கள், சியில் மட்டும் படித்தது சியிலேயே தங்கிவிடும்.

தேர்வு எழுதுகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக, தியரியில் 5ஆம் கிரேடு அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்ச்சி ஒன்று வேண்டும். மற்றொரு தேர்வு அமைப்பான டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. கடைசி மூன்று மாதத்தில் மாதிரித்தாள்களை மட்டும் போட்டுத் தேறிவிடலாம்தான், ஆனால் அப்படிப் படித்த மைனர் ஸ்கேல் காதில் ஏறாது.

பல ஆண்டுகள் காதால் மட்டும் வாசித்துவிட்டு இப்போது நோட்டேஷனுக்கு வருகிறவர்கள் இரண்டு கட்டுத் தாள்கள் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த மெட்டுகள், குறிக்கும் ஒலிக்கும் இணைப்பு உண்டாவதற்காக. மற்றொன்றில் கேட்டே இராத எளிய துண்டுகள். தெரிந்த மெட்டையே வைத்துப் பழகினால் உங்கள் காது முந்திக்கொண்டு ஓடும், கண் வேலை செய்வதாக வெறும் பாவனை காட்டும். கூடவே வாரத்துக்கு நான்கு பார், தெரிந்த பாட்டு ஒன்றைக் கேட்டு நீங்களே எழுதுங்கள். முதலில் பார் கோடுகள், அடுத்து தாளம் மட்டும், பிறகு முதல் ஸ்வரமும் கடைசி ஸ்வரமும், கடைசியாக நடுவில் உள்ளவை. எழுதியதை மறுநாள் பாட்டைக் கேட்காமல் தாளைப் பார்த்து வாசியுங்கள். ஏதோ இடிக்கிறது என்றால் முதலில் புள்ளி வைத்த நோட்டுகளையும் மௌனக் குறிகளையும் கூட்டிப் பாருங்கள். பார் 4 பீட்டுக்குப் பதில் 3½ என்று நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.